ஸ்டேக் கடையில் மூன்று மீன்

எங்கள் குடும்பத்தில் எங்கே போய்ச் சாப்பிடுவது என்று முடிவு செய்கிறவள் நான்தான். யாரும் கூடிப் பேசி இந்தப் பதவியை எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். காப்புறுதி முகவராக இத்தனை வருஷம் மலாக்காவைச் சுற்றியதில், வாடிக்கையாளரோடு உட்கார்ந்து நான் சாப்பிடாத கடை குறைவு. எந்தக் கடையின் சாம்பார் காலையில் வைத்தது, எது நேற்று வைத்தது என்பதை வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். என் கணவர் இதை நம்புவதில்லை. ஆனால் கார் சாவியை எடுத்ததும் "எங்க போறோம்?" என்று என்னைத்தான் கேட்பார்.

டவுனில் ஆற்றங்கரைப் பக்கம், பழைய கடைவீடு ஒன்றில் ஓர் அர்ஜென்டினா ஸ்டேக் கடை இருக்கிறது. வாசலில் மாட்டுக்கொம்பு. உள்ளே சுவரில் விரித்து அடித்த மாட்டுத்தோல், பக்கத்தில் ஆணும் பெண்ணும் இடுப்பை வளைத்து ஆடும் கறுப்பு வெள்ளைப் படம். பட்டப்பகலிலும் திரையை இழுத்துவிட்டு மேசைக்கு மேசை மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள். முதலாளி பத்து பஹாட் ஊரைச் சேர்ந்த சீனர். அடுப்பில் நிற்பவர் நேப்பாளத்துக்காரர். இறைச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அர்ஜென்டினாவிலிருந்து வந்தது அந்தப் படம் மட்டும்தான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. இருந்தும் சனி, ஞாயிறு என்றால் சிங்கப்பூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் வெயிலில் வரிசை பிடித்து நிற்பார்கள்.

எனக்கு அந்தக் கடை பிடிக்கும். மாட்டிறைச்சியை நான் தொட்டது கிடையாது, ஆனால் அங்கே ஆட்டுத்துண்டு பிரமாதமாக இருக்கும். ரொட்டி சூடாக வரும். பச்சையாக ஒரு சட்னி வைப்பார்கள், மல்லித் துவையலில் வினிகரை ஊற்றிய மாதிரி. கழிப்பறை சுத்தம். சின்னக் கடை என்றாலே ருசி, சுற்றுப்பயணிகள் வரும் கடை என்றாலே ஏமாற்று என்று அடித்துப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். பாதிப் பேர் மாதத்துக்கு ஒரு தடவைகூட வெளியே சாப்பிடாதவர்கள்.

அண்ணன் சாப்பிடும் கடை வேறு ரகம். அண்ணன் டுரியான் துங்காலில் இருக்கிறார். அங்கே செம்பனைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதையில், தகரக் கூரையின் கீழ் ஓர் ஒட்டுக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. கைப்பேசி வரைபடத்தில் தேடினால் பக்கத்திலிருக்கும் டயர் கடைதான் வரும். எந்தச் சுற்றுப்பயணியும் வழி தவறிக்கூட அங்கே வந்ததில்லை. லாரி ஓட்டுகிறவர்கள், தோட்டத்து ஆட்கள், யுனிவர்சிட்டி மாணவர்கள், அவ்வளவுதான். இன்ன இன்ன உண்டு என்று எழுதிப் போடும் வழக்கமும் இல்லை. தினமும் வருகிறவர்கள் நேராக அடுப்படிக்குப் போய், சட்டி மூடிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேண்டியதைச் சொல்வார்கள். மூடியைத் தூக்குகிற உரிமை எல்லாருக்கும் கிடைத்துவிடாது. புது ஆள் தூக்கினால் கடைக்கார அக்கா கரண்டியாலேயே ஒரு தட்டுத் தட்டுவார்.

அண்ணனுக்கு அந்த உரிமை நெடுங்காலமாக உண்டு. அவர் யுனிவர்சிட்டி ஆய்வுக்கூடத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவர். அண்ணி தமிழ்ப்பள்ளி ஆபீசில் வேலை செய்தார். மத்தியானம் அவர் அந்தப் பக்கமிருந்தும் இவர் இந்தப் பக்கமிருந்தும் வந்து, சுவரை ஒட்டிப் போட்ட ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அண்ணிக்கு மீன் தலை என்றால் உயிர். அது சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், அண்ணன் காலையில் வேலைக்குப் போகும்போதே கடையில் நின்று ஒரு தலையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் பேசியதைவிட அந்த மேசையில்தான் அவர்கள் அதிகம் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணி இறந்த பிறகும் அண்ணன் அதே நேரத்துக்கு அதே மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. கூட்டம் நெரியும் நேரத்தில்கூட லாரிக்காரர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்களே தவிர, அந்த நாற்காலியை இழுக்க மாட்டார்கள். தெரியாத மாணவன் யாராவது வந்தால், "அங்க ஆள் வருது தம்பி" என்று கடைக்கார அக்கா வேறு இடம் காட்டிவிடுவார். நான் போனால் எனக்கு மேசையின் வெளிப்பக்கம், சுவருக்கு எதிரே ஒரு முக்காலி. அந்த முக்காலியிலிருந்து பார்த்தால் அண்ணன் மென்றுகொண்டே வெறும் நாற்காலியைப் பார்ப்பது தெரியும். 

அவருடைய பையன்கள் இருவரும் கோலாலம்பூரில். வேலை ஓய்வும் வந்த பிறகு அண்ணன் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். போன் போட்டால் "ம்", "சரி", "நல்லாத்தான் இருக்கேன்". அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணனுக்கு ஒரு துணை வேண்டும். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், உங்கள் வீட்டில் சாப்பிடும்போது எதிரே யார் உட்காருகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

என் தோழி ஒருத்தி மூலம் அந்த மிஸ்ஸியைப் பற்றித் தெரிந்தது. நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், கிறிஸ்தவர், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே தன் கல்யாணத்தை விட்டவர். டவுனில் தனியாக இருந்தார். ஒரே ஒரு சாப்பாட்டுக்கு வருகிறேன், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது என்று தோழியிடம் சொல்லியனுப்பினார். அண்ணனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

"ஒரு தடவைதான் வருவேன். அதோட என்னை விட்ரணும்."

ஆக, என் கையில் இருந்தது ஒரு சாப்பாடு. கடையைத் தேர்ந்தெடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவள். ஒட்டுக்கடை கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது அண்ணியின் இடம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்றால் தெரிந்தவர்கள் நாலு பேர் மேசைக்கு வந்து விசாரிப்பார்கள். ஸ்டேக் கடைதான் சரி என்று தீர்மானித்தேன். அங்கே நம் ஆட்கள் வர மாட்டார்கள். அண்ணியின் ஞாபகம் எந்த மூலையிலும் இருக்காது. மிஸ்ஸி கிறிஸ்தவர், மாட்டிறைச்சி சாப்பிடுவார், அவருக்கும் ஒரு மரியாதை செய்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு என்று இடம் பிடித்தேன்.

அண்ணனிடம் முன்கூட்டியே சொன்னேன். "அண்ணே, அவங்க மாட்டிறைச்சி சாப்பிடுவாங்க. மூஞ்சிய சுளிச்சு வைக்காதீங்க."

"சரிலா," என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு அண்ணன் இஸ்திரி போட்ட பாத்தேக் சட்டையில் வந்தார். மிஸ்ஸி இளநீலச் சேலை. உயரமானவர், நிமிர்ந்த நடை. வாசலில் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்களைத் தாண்டி எங்களை உள்ளே அழைத்துப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்ததும் அந்தப் பெருமை இறங்க ஆரம்பித்தது. மேசை அகலம். எதிரே இருப்பவர் சொல்வது பாட்டுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அண்ணன் மெனுவை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிக்க, அட்டையின் ஓரம் லேசாகப் பொசுங்கியது. பரிமாறுகிறவர் ஓடிவந்து மெழுகுவத்தியைத் தள்ளி வைத்தார்.

"நீங்க உங்களுக்குப் பிடிச்சத சொல்லுங்கக்கா," என்றேன் மிஸ்ஸியிடம். "இந்தக் கடை மாட்டிறைச்சிக்கு ஃபேமஸ்."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "நான் மீன் எடுக்கிறன்," என்றார்.

அண்ணனும் மீன் என்றார். நான் ஆட்டுத்துண்டு சொல்லத்தான் வாயெடுத்தேன். இரண்டு பேர் மீன் சாப்பிடும்போது நடுவில் நான் மட்டும் எலும்போடு மல்லுக்கட்டுவது நன்றாயிருக்காது என்று நானும் மீன் சொன்னேன். பரிமாறுகிறவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டேக் எதுவும் இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டார். சுற்றிலும் மேசைக்கு மேசை மரப்பலகையில் இறைச்சி புகைந்துகொண்டிருந்தது. மாட்டுத்தோலின் கீழே நாங்கள் மூவர் மட்டும் மீனுக்குக் காத்திருந்தோம்.

வந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சியாக்காப் மீன் துண்டு. மலாக்காவில் மீன் கடைக்கு மீன் கடை கிடக்கும் அதே சியாக்காப், மேலே ஓர் எலுமிச்சை வில்லை. பக்கத்தில் நாலு இலை. அண்ணன் முள்கரண்டியால் அதை நகர்த்தி நகர்த்திச் சாப்பிட்டார். மிஸ்ஸி ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அண்ணன் ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். இரண்டும் அங்கேயே நின்றன. நான் பேசினேன், பேசினேன், வாய் வலிக்கப் பேசினேன். பாலிசி விற்கும்போதுகூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை. மிஸ்ஸி கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, போச்சு, இனிமேல் அண்ணன் அந்த வெறும் நாற்காலியோடுதான் சாப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அழுகை வரும் போலிருந்தது.

சாப்பாடு முடிந்து என் காரில் ஏறினோம். முதலில் மிஸ்ஸியை வீட்டில் விடுவதாக ஏற்பாடு. அவர் முன் இருக்கையில், அண்ணன் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு. சிக்னலில் நின்றபோது யாருடைய வயிறோ சத்தமாகக் கூவியது.

"என்ர வயிறுதான்," என்றார் மிஸ்ஸி, முகத்தைத் திருப்பாமலே.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க நல்லா ஸ்டேக் சாப்பிட்டிருக்கலாம்லா. அதுக்குத்தானே அங்க கூட்டிட்டுப் போனேன்."

"எனக்கு மாட்டிறைச்சி எண்டா நல்ல விருப்பம்," என்றார். "நீங்கள் கோயிலுக்குப் போற ஆக்கள். உங்களுக்கு முன்னால வச்சுச் சாப்பிடக் கூடாது எண்டு விட்டனான்."

பின்னாலிருந்து அண்ணன் பேசினார். "நான் ஒரு வாரமா மனச தேத்திக்கிட்டு வந்தேன். நீங்க சாப்பிடும்போது மூஞ்சி சுளிச்சிடக் கூடாதுனு கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்."

 மிஸ்ஸி சிரித்தார். பெரிய சிரிப்பு. வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "எப்படிப் பழகினீங்கள்? காட்டுங்கோ பாப்பம்," என்று திரும்பினார். அண்ணன் முகத்தைக் கல் மாதிரி வைத்துக் காட்டினார். அவர் அப்படி விளையாடி நான் பார்த்து வருஷங்களாகிவிட்டன. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பச்சை விளக்கு வந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "பசியோட வீட்டுக்குப் போகணுமா? நான் சாப்பிடுற கடை இன்னும் மூடியிருக்க மாட்டாங்க. டுரியான் துங்கால்தான்."

"எனக்குச் சம்மதம்," என்றார் மிஸ்ஸி.

 எந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாதென்று அவ்வளவு யோசித்து ஸ்டேக் கடையைப் பிடித்தேனோ, அங்கேயே போகச் சொல்கிறார். அந்தக் கடை வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை மிஸ்ஸியின் எதிரில் சொல்ல முடியாது. காரைத் திருப்பினேன். அணைக்கட்டுப் பக்கமாகப் போகும் வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு, கேன்டீன் சாப்பாடு, எது மோசம் என்று போட்டி. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

கடையில் பாதி நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். மூலையில் இரண்டு லாரிக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நேராக மிஸ்ஸியை அடுப்படிக்கு அழைத்துப் போனார். "நீங்களே தொறந்து பாருங்க," என்றார். கடைக்கார அக்கா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மிஸ்ஸி ஒவ்வொரு மூடியாகத் தூக்கினார். நெத்திலிச் சம்பல், கங்கோங் கீரைப் பிரட்டல், ரசம், அப்புறம் மீன் கறி. கறியைக் குனிந்து முகர்ந்தார்.

"தலை இல்லையோ?"

"தலையெல்லாம் பன்னெண்டரைக்கே முடிஞ்சிரும்க்கா," என்றார் கடைக்கார அக்கா.

நான் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது நடக்கக் கூடாது என்று நினைத்தது நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மிஸ்ஸி தட்டை மேசையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியைப் பிடித்து இழுத்தார்.

"அங்க வேணாம்க்கா," என்றார் கடைக்கார அக்கா அவசரமாக. "அந்த நாற்காலி கால் ஆடும்."

மூலையில் லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காரில் பார்த்த முகம் இல்லை அது, பழைய முகம். 

இத்தனை வருஷம் வார்டில் நின்றவருக்கு, ஓர் அறை ஏன் அமைதியாகிறது என்று தெரியாமலா இருக்கும். மிஸ்ஸி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றார். கடைக்கார அக்காவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அண்ணனிடம் கேட்டார்.

"இதில ஆர் இருந்தவை?"

"என் சம்சாரம்," என்றார் அண்ணன். "வேலை நாள்ல தினமும்."

மிஸ்ஸி தலையாட்டினார். நாற்காலியை இருந்த இடத்துக்கே மெல்லத் தள்ளி வைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, வெளிப்பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு இது வசதியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "நீங்கள் சாப்பிடுங்கோ. அவவின்ர பேர் என்ன?"

அண்ணன் பெயரைச் சொன்னார். அண்ணி போன பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

மிஸ்ஸி உட்கார்ந்தது என் முக்காலி. நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சுவரை ஒட்டிய மேசை, மூன்று பக்கம்தான் உட்கார முடியும். பக்கத்து மேசைக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"நீ ஏன் நிக்கிற?" என்றார் அண்ணன். முகவாயால் அண்ணியின் நாற்காலியைக் காட்டினார். "அங்க உக்காரு."

"அண்ணே..."

"உக்காரு. சோறு ஆறுது."

உட்கார்ந்தேன். நாற்காலி கால் ஆடவில்லை. அங்கிருந்து பார்த்தால் அண்ணனின் முகம் நேராகத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் யுனிவர்சிட்டி பக்கம் போகும் சாலை. அண்ணி மத்தியானத்துக்கு மத்தியானம் பார்த்துக்கொண்டிருந்தது இந்த முகத்தைத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி இறந்தபோது எல்லாவற்றையும் நான்தான் ஓடியாடிப் பார்த்துக்கொண்டேன், அழ நேரமில்லை. இப்போது ரசச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. மிஸ்ஸி நெத்திலிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, அண்ணனிடம் அண்ணியைப் பற்றி அடுத்த கேள்வி கேட்டார். அவர் சொல்லிக்கொண்டே போனார். மீன் கறியை இரண்டாம் தடவை வாங்கினார்கள் இருவரும்.

கை கழுவும் இடத்தில் மிஸ்ஸி கேட்டது என் காதில் விழுந்தது. "நாளைக்கும் இஞ்சதான் சாப்பிடுவீங்களோ?"

"எப்பவும் இங்கதான். பன்னெண்டரைக்கு."

"பன்னெண்டரைக்கு நல்ல வெயில். பஸ்சும் பிந்தும். நான் ஒரு மணிக்குத்தான் வருவன்."

அண்ணன் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, சட்டி கழுவிக்கொண்டிருந்த கடைக்கார அக்காவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு மீன் தலைய எடுத்து வச்சிருங்க," என்றார்.